கொல்லிமலையில் கம்மி விலைக்கு நிலம்… அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு நண்பனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பனி மூட்டம், சில்வர் ஓக் மரங்கள், அதில் படர்ந்த மிளகுக் கொடி, பின்னணியில் இளையராஜா. கீழே ஒரு வரி: 'கொல்லிமலை திருப்புலி நாட்டில் தோட்டத்துடன் நிலம். சென்னையில் கார் பார்க்கிங் வாங்கும் காசுக்கு!'

அடுத்த நிமிடமே அவன் மெசேஜ்: "மச்சி, அட்வான்ஸ் ஒரு லட்சம் கேக்குறாங்க. நாளைக்கே போட்டுடலாமா?"

அவனுக்கு பெங்களூரில் ஐடி வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போச்சு. அம்மா சீட்டு போட்டுச் சேர்த்த பணமும், கொஞ்சம் நகையும் இருக்கு. 'இந்தக் காசுக்கு பெங்களூரில் பாத்ரூம் கூட வராது, ஊர்ப்பக்கம் எங்கேயாவது வாங்கிடலாம்' என்பது அவன் கணக்கு. இந்தக் கணக்கை இப்போ நம்மில் பலர் போட்டுக்கொண்டிருக்கிறோம். தப்பே இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் விலை கம்மியாக இருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்களால் சமாளிக்கக்கூடியதா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திருப்புலி நாட்டையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

திருப்புலி நாடு எங்கே இருக்கு?

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை வட்டம். கொல்லிமலையில் ஊர்களை 'நாடு' என்றுதான் சொல்வார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். அதில் ஒன்றுதான் திருப்புலி நாடு. வட்டத் தலைமையிடம் செம்மேடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு பாதை உண்டு.

இங்கே வாழும் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் 'மலையாளி' பழங்குடியினர். கேரள மலையாளிகள் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர். பட்டியல் பழங்குடியினர். மிளகு, காபி, வாழை, பலா, அன்னாசி, சாமை, கேழ்வரகு என்று விவசாயம்தான் வாழ்க்கை.

இந்தத் தகவல் சும்மா பொது அறிவுக்காக இல்லை. விலை ஏன் கம்மி என்ற கேள்விக்கான முதல் பதில் இதில்தான் இருக்கிறது.

காரணம் 1: எல்லாப் பட்டாவும் ஒரே பட்டா இல்லை

'பட்டா இருக்கு சார்' என்று புரோக்கர் சொன்னவுடன் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. என்ன பட்டா?

தலைமுறையாக வரும் சாதாரண பட்டா ஒன்று. அரசு நிலமில்லாதவர்களுக்கு இலவசமாக ஒப்படைத்த நிலத்துக்கான நிபந்தனைப் பட்டா இன்னொன்று. 'அசைன்மென்ட் பட்டா' என்பார்கள். இதில் இத்தனை ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, இன்னாருக்குத்தான் விற்கலாம், அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். மீறி வாங்கினால் அரசு அந்த ஒப்படைப்பையே ரத்து செய்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுத்த காசுக்கு யாரும் பொறுப்பில்லை.

மூன்றாவது, வன உரிமைச் சட்டம் 2006-ன்படி பழங்குடியினருக்குக் கிடைத்த உரிமை. இது பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாது. சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. இதை யாராவது 'பட்டா நிலம்' என்று காட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

'பழங்குடியினர் நிலத்தை மற்றவர்கள் வாங்கவே முடியாதுனு கேள்விப்பட்டேனே?' என்று கேட்கலாம். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகள் ஆந்திரா, தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் உண்டு. அங்கெல்லாம் கட்டுப்பாடு கடுமை. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. அதனால் இங்கே பாதுகாப்பு பெரும்பாலும் ஒப்படைப்பு நிபந்தனைகளிலும் வருவாய்த் துறை உத்தரவுகளிலும்தான் இருக்கிறது. எனவே, 'கொல்லிமலையில் வாங்கலாமா?' என்ற பொதுக் கேள்விக்குப் பதில் கிடையாது. 'இந்த சர்வே எண்ணில் இருக்கும் நிலத்தை, இவரிடமிருந்து, நான் வாங்கலாமா?' என்றுதான் கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் புரோக்கர் இல்லை, வட்டாட்சியர் அலுவலகம். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதும் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 'எனக்குத் தெரியாது, புரோக்கர்தான் காட்டினார்' என்று சொல்லும் நிலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

காரணம் 2: யார் யார் கையெழுத்து போடணும்?

நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பட்டாவைப் பார்த்தேன். பெயர் ஒருவருடையது. விசாரித்தால், அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவருக்கு நான்கு பிள்ளைகள். விற்க வந்திருப்பது ஒருவர் மட்டும். புரோக்கர் கையில் இருப்பது அந்த ஒருவர் கொடுத்த பவர் பத்திரம்.

இதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, வாரிசுரிமை. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 2005-ல் வந்த திருத்தமும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. அதனால் இங்கே பங்கு யாருக்கு என்பதில் வழக்கம், குடும்ப ஏற்பாடு, நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் கலந்து வரும். நமக்கு நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: வாரிசுச் சான்றிதழில் இருக்கும் எல்லோரும், பெண்கள் உட்பட, பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு அக்கா திருப்பூரில் இருக்கிறார், 'அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்றால், அந்த அக்காவை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு, பவர் பத்திரம். பவரை வைத்து, பத்திரப்பதிவு செய்யாமல் கைமாறும் 'விற்பனை' உரிமை மாற்றமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. பவர் வாங்கியவர் உரிமையாளருக்காகக் கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கலாம். ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா, அவருக்கே முழு உரிமை இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும். அவருக்கு நாலில் ஒரு பங்குதான் உரிமை என்றால், பவர் வாங்கியவராலும் அந்தப் பங்கை மட்டும்தான் கொடுக்க முடியும்.

காரணம் 3: நிலம் வாங்கினா வீடு கட்டிடலாமா?

இங்கேதான் பலருக்கும் அதிர்ச்சி. நிலம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது என்பதற்காக அதில் வீடு கட்டலாம் என்று அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளுக்கென 'ஹாகா' எனப்படும் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் 1990 முதல் இருக்கிறது. இதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவு, கட்டடம் போன்றவற்றுக்கு வழக்கமான அனுமதி மட்டும் போதாது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். சரிவு எவ்வளவு, மண் தாங்குமா, ஓடை எங்கே போகிறது, பக்கத்தில் காடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது தொல்லை இல்லை. சரிவை வெட்டி வீடு கட்டி, ஒரு பெருமழையில் மண் சரிந்தால் போவது நம் வீடுதான். கூடவே கீழே இருப்பவர் வீடும்.

அடுத்தது, விவசாய நிலம். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் அதை மனையாகப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. இதைச் சுற்றிப் போகத்தான் 'ஃபார்ம் லேண்ட்' என்ற பெயரில் சென்ட் கணக்கில் பிரித்து விற்கிறார்கள். பத்திரத்தில் 'புஞ்சை நிலம்' என்று இருக்கும். விளம்பரத்தில் 'வில்லா பிளாட்' என்று இருக்கும். இரண்டில் சட்டப்படி செல்லுவது பத்திரத்தில் இருப்பதுதான்.

துபாய், சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாடுவாழ் இந்தியர்கள் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க ஃபெமா விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாரிசாகக் கிடைத்தால் வேறு விஷயம்.

காரணம் 4: லோன் கிடைக்காத விலை, நிஜமாவே கம்மி விலையா?

வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு இது: 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்சவரம்பு மட்டுமே. அங்கீகாரம் பெற்ற மனை, கட்டட அனுமதி இதெல்லாம் இருந்தால்தான் வங்கி பேசவே ஆரம்பிக்கும். விவசாய நிலத்தைக் காட்டி வீட்டுக் கடன் கேட்டால், பொதுவாக 'முடியாது' என்றுதான் பதில் வரும்.

அப்போ பலரும் என்ன செய்கிறோம்? பர்சனல் லோன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 8,680 ரூபாய். அதே 10 லட்சத்துக்கு 13 சதவீதத்தில் 5 வருட பர்சனல் லோன் என்றால் சுமார் 22,750 ரூபாய். 20 வருடத்தில் மொத்த வட்டி அதிகம்தான். ஆனால் வாடகையும் கட்டிக்கொண்டு மாதம் 22,750 ரூபாய் தவணையும் கட்ட உங்கள் சம்பளம் தாங்குமா?

பதிவுச் செலவையும் சேருங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் மதிப்புக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ பதிந்தால் 10,000 ரூபாய் மிச்சம். பேசிய விலை வழிகாட்டி மதிப்பை விடக் கம்மி என்றாலும், வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்டணம் என்பதையும் மறக்காதீர்கள்.

காரணம் 5: 70 வளைவுக்கும் ஒரு விலை இருக்கு

நாமக்கல்லில் இருந்து செம்மேடு சுமார் 55 கிலோமீட்டர். கூகுள் மேப்பில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் சமவெளியின் 55 கிலோமீட்டரும், 70 கொண்டை ஊசி வளைவோடு சேர்ந்த 55 கிலோமீட்டரும் ஒன்றில்லை.

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் எங்கே போவீர்கள்? அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் நாமக்கல்லுக்கு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் அது மலைக்குக் கீழே. திங்கட்கிழமை காலை பத்து மணி மீட்டிங்கில் மழை பெய்தாலும் நெட் நிற்குமா? அதே இடத்தில், உங்கள் சிம்மில், நீங்களே நின்று சோதித்துப் பார்க்க வேண்டும். வீடு கட்ட ஜல்லி, மணல், சிமென்ட் மேலே ஏறி வர லாரிக்காரர் எவ்வளவு கேட்பார்? கீழே வாங்கிய கொட்டேஷனை வைத்து மேலே வீடு கட்ட முடியாது.

சுற்றுலாவுக்குப் போகும் ஊர் வேற, குடியிருக்கப் போகும் ஊர் வேற. ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பார்க்க வருபவர் ஞாயிறு மாலை இறங்கிவிடுவார். குடியிருப்பவர் ஐப்பசி மழையிலும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அப்போ எங்கேதான் வாங்குறது?

மலை பிடிக்கும், விலையும் கட்டுப்படியாகணும் என்றால் அடிவாரத்தைப் பாருங்கள். சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் மூன்றுமே கொல்லிமலைக்குப் பக்கம். சேலம்–கரூர் ரயில் பாதை 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு ராசிபுரம், நாமக்கல் இரண்டிலும் ரயில் நிற்கிறது. நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆனது. அங்கீகாரம் பெற்ற மனை, வங்கிக் கடன், மருத்துவமனை, பள்ளி எல்லாம் அங்கே தேடினால் கிடைக்கும். சதுர அடி விலை மலையை விடக் கூடுதலாகத்தான் தெரியும். லோன், பயணம், கட்டுமானச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கணக்குப் போட்டால் எது மலிவு என்பது மாறலாம்.

இன்னொரு வழி, முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பது. ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம். அந்த ஊர்த் தண்ணீர், பஸ், மனிதர்கள் எல்லாம் பழகும். புரோக்கர் சொல்லாத விஷயங்களை டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டிய 7 விஷயம்

1. சர்வே எண், உட்பிரிவு எண் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. தமிழக அரசின் இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்வு செய்து பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் நீங்களே எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள்.

3. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 40.5 ஏர் என்றால் சுமார் ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. விளம்பரத்தில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள்.

4. பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவு ஆகாத வாய்மொழி ஒப்பந்தமும் குடும்பப் பங்கும் இதில் தெரியாது. அதனால் ஊரிலும் விசாரியுங்கள்.

5. நிபந்தனைப் பட்டாவா, வன உரிமையா, கோயில் நிலமா, புறம்போக்கா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

6. ஹாகா கிராமமா, வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று நகர் ஊரமைப்புத் துறையில் கேளுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும்.

7. நீங்கள் பணம் கொடுக்கும் வழக்கறிஞர் பார்க்கட்டும். விற்பவர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம்.

விற்பவர் பக்கமும் ஒரு நிமிஷம்

நமக்கு 'ஏக்கர் இவ்வளவுதானா!' என்று தோன்றும் விலை, அந்த நிலத்தில் மிளகு பறித்துக் குடும்பம் நடத்துபவருக்கு ஒரே சொத்து. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கல்யாணக் கடனுக்கோ அவசரத்தில் விற்றால், அதே விலைக்குத் திரும்ப வாங்க அவரால் முடியாது. வெளியூர்க்காரர் கூடக் கூட விலை ஏறும். உள்ளூர்ப் பையனுக்குத் தன் சொந்த நாட்டிலேயே வீட்டுமனை எட்டாமல் போகும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அவசரத்தில் விற்பவரிடம் அவசரத்தில் வாங்காதீர்கள். இருவருக்குமே அது நல்லதில்லை.

அப்புறம் நண்பன் என்ன பண்ணான்?

திங்கட்கிழமை காலை புரோக்கரிடம் இரண்டே கேள்வி கேட்டான். மற்ற மூன்று வாரிசுகளும் பதிவு நாளில் வருவார்களா? நிலத்தில் நிபந்தனை எதுவும் இல்லை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதி வாங்க முடியுமா? 'பாத்துட்டு சொல்றேன் சார்' என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை.

ஒரு லட்சம் அவன் அக்கவுன்ட்டிலேயே இருக்கு. அம்மா நகையும் பீரோவிலேயே இருக்கு. போன மாதம் ராசிபுரத்தில் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டு ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறான். சனிக்கிழமை காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு செம்மேடு. "மலை எங்கேயும் போயிடாது மச்சி, நிதானமா வாங்கிக்கலாம்" என்கிறான்.